ஒன்பதாவது செவ்வாய்

கொட்டாஞ்சேனை
ஏப்ரல் 17, பெரிய வியாழன்

டெனிஷாவுக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை, ஆகவே எழுதவில்லை.

குருத்தோலை ஞாயிறன்று வீட்டில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் முன்னால், அப்பாவுக்குப் பருக்க என் கையிலிருந்த பிளேன்டீக் கோப்பையைத் தட்டிவிட்டாய். ரஜனி மாமியின் வெள்ளைச் சேலை முழுக்கச் சாயம். சேலை போகட்டும், தோய்க்கலாம். "நீங்க அப்பாவைக் கொல்லப் போறீங்க அக்கா" என்று சொன்னாயே, அதை எதில் போட்டுத் தோய்ப்பது? மாசியில் அப்பா விழுந்த நாளிலிருந்து அவரைக் குளிப்பாட்டித் துடைத்துச் சாரம் மாற்றுகிற கை இது. உன் அடி அந்தக் கையில்தான் பட்டது.

செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக்குப் போய் அந்தோனியாரிடம் நேர்ந்துவிட்டேன். ஒன்பது செவ்வாய் தவறாமல் வருவேன், அப்பாவின் வாயில் ஒரு சொல்லாவது வரவேண்டும், அது வரும்வரைக்கும் நான் உன்னோடு வாய் திறந்து கதைக்கமாட்டேன். போனும் பேச்சுதான், மெசேஜும் பேச்சுதான். உன் நம்பரை அடைத்தாயிற்று. கடிதம் எழுதலாமா என்று பாதரிடம் கேட்டேன். சிரித்தார். சிரித்தால் எழுதலாம் என்றுதானே அர்த்தம்.

நேற்று நீ வந்து வாசலில் நின்றபோது நான் ஏன் கல்லுப்போல் நின்றேன் என்று இப்போது விளங்கியிருக்கும். ஆனால் அப்பா உன் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், வலது பக்கம் கோணிப்போன அந்த வாயோடு அழத் தொடங்கினார். நீ போனபிறகு இரவு ஒரு வாய்கூட எடுக்கவில்லை. ஆகையால் நேர்த்தி முடியும்வரை வராதே. உன்மேல் உள்ள கோபத்தில் சொல்லவில்லை. கோபமும் இருக்கிறதுதான்.

துறைமுகத்தில் கீழே நின்று கிரேன்காரனுக்குக் கேட்கும்படி கத்திய மனுஷன். முப்பத்தொரு வருடம் அதற்குத்தான் சம்பளம் வாங்கினார். கிளெமென்ற் கத்தினால் கப்பலே நிற்கும் என்று பகிடி பண்ணுவார்கள். இப்போது தண்ணீர் வேண்டுமென்றால் கட்டில் சட்டத்தில் விரலால் தட்டுகிறார்.

பயப்படாதே, நீ சொன்னபடிதான் எல்லாம் நடக்கிறது. உன் பவுடரைப் போட்டுக் கூழ்போல ஆக்கித்தான் கொடுக்கிறேன். மாமியின் சேலையில் ஊற்றியதுதான் இந்த வீட்டுக் கடைசிப் பிளேன்டீ.

ஜீவராணி


வெள்ளவத்தை
ஏப்ரல் 24

அன்புள்ள அக்கா,

நீங்கள் எழுதாவிட்டாலும் நான் அன்புள்ள என்றுதான் எழுதுவேன்.

கோப்பையைத் தட்டியது பிழை. அந்தச் சொல் அதைவிடப் பிழை. அந்த வாரம் முழுவதும் ஆஸ்பத்திரி வாட்டில் நான் பார்த்த இரண்டு பேர், அப்பாவைப் போலவே பாரிசவாதக்காரர்கள், தண்ணீர் புரைக்கேறி நெஞ்சில் நோய் வந்து படுத்திருந்தார்கள். உங்கள் கையில் கோப்பையைக் கண்டதும் என் கை தன்பாட்டில் போய்விட்டது. மன்னியுங்கள்.

"வாய் பேசப் படிப்பிக்கிறதுக்கு நாலு வருசப் படிப்பா?" என்று நீங்கள் எப்போதும் பகிடி பண்ணுவீர்கள். பேச்சு மட்டும் இல்லை அக்கா, விழுங்குவதையும் நாங்கள்தான் பார்க்கிறோம். தொண்டைக்குள் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று வயிற்றுக்கு, மற்றது நுரையீரலுக்கு. நாம் விழுங்கும்போது மூச்சு வழி தானாக மூடிக்கொள்ளும். அப்பாவுக்கு அந்தக் கதவு இப்போது பிந்தித்தான் மூடுகிறது. தண்ணீர் வேகமாக ஓடுவது, கதவு மூடுமுன் உள்ளே போய்விடும். கெட்டியாக்கினால் மெல்ல இறங்கும். அவ்வளவுதான் விஷயம். அரைக் கோப்பைக்குப் பவுடர் ஒரு கரண்டி, தட்டையாக வழித்து. அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, நாடியைக் கொஞ்சம் கீழே குனியவைத்துக் கொடுங்கள்.

ஒன்றைமட்டும் மறக்கவேண்டாம். இருமல்தான் மணி. இருமினால் உடனே நிறுத்துங்கள். இருமாவிட்டால் பயமில்லை.

ஆஸ்பத்திரியில் தந்த மே 12 கிளினிக்குக்கு அப்பாவை இழுத்துக்கொண்டு அலையவேண்டாம். பங்குனியில் நானே தயிரும் பிஸ்கட்டும் கொடுத்து, கழுத்தில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுப் பார்த்தேன்தானே. அங்கேயும் அதைத்தான் செய்வார்கள்.

இத்தோடு படக் கார்டுகள் இருபது அனுப்புகிறேன். காலையில் ஐந்து, பின்னேரம் ஐந்து. படத்தைக் காட்டி முதல் எழுத்தை நீங்கள் சொல்லுங்கள், மிச்சத்தை அவர் முயலட்டும். வராவிட்டால் வற்புறுத்தவேண்டாம்.

நேர்த்தி முடியும்வரை வரமாட்டேன். இங்கே என் அறைக்குப் பின்னால் ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. அப்பா கட்டில் சட்டத்தில் தட்டுகிறதுபோல் இருக்கிறது.

டெனிஷா


கொட்டாஞ்சேனை
மே 8, வியாழன்

டெனிஷா,

உன் கார்டுகளைப் பற்றி முதலில். சைக்கிளுக்கு அப்பா தலையைத் திருப்பிக்கொண்டார். வாழைப்பழத்தைப் பார்த்துச் சிரித்தார். பொலிஸ்காரன் படத்தை இடது கையால் பறித்துக் கட்டிலுக்குக் கீழே எறிந்தார். துறைமுகக்காரர் துறைமுகக்காரர்தான். சொல் ஒன்றும் வரவில்லை. ஆனால் பின்னேரம் ரேடியோவில் ஞானப் பாட்டுப் போனபோது வாயை அசைத்தார். சத்தம் இல்லை, அசைவு மட்டும். அந்தோனியார் தொடங்கிவிட்டார் என்று நினைக்கிறேன்.

நாலாவது செவ்வாயும் முடிந்தது. சரியான சனம். நிற்க இடமில்லை. மெழுகுதிரி கொளுத்தி, போத்தலில் தீர்த்தம் பிடித்துக்கொண்டு வந்து அப்பாவின் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்தாலே மனுஷனின் முகம் தெளிகிறது.

சாப்பாடு நல்லபடி போகிறது. புட்டைப் பாலில் குழைத்து, கஞ்சியை வடிக்காமல், டீயை உன் பவுடரில். ஒரு இருமல்கூட இல்லை. நீ சொன்ன மணி அடிக்கவே இல்லை. சந்தோசப்படு.

நேற்றுப் பின்னேரம் மட்டும் உடம்பு சுட்டது. போன கிழமையும் இதே மாதிரி ஒரு நாள் சுட்டு விட்டது. பனடோல் கரைத்து, அதையும் கெட்டியாக்கித்தான் கொடுத்தேன். இன்று பரவாயில்லை. வெயில் அப்படி. எனக்கே தலை சுற்றுகிறது.

மாமிக்கு நீ புதுச் சேலை எடுத்து அனுப்பினாயாம். வந்து காட்டிவிட்டுப் போனார். என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லையே நீ.

அக்கா


வெள்ளவத்தை
மே 15

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தின் அடியில் "அக்கா" என்று இருந்ததைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் இருந்தேன்.

அவசரமாக எழுதுகிறேன், மன்னியுங்கள். ஜூன் 10 எனக்குக் கடைசிப் பிரக்டிகல். முன்பின் தெரியாத ஒரு நோயாளியை என் முன்னால் உட்காரவைப்பார்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் பேச்சையும் விழுங்குவதையும் சோதித்து முடிவு சொல்லவேண்டும். எங்கள் விரிவுரையாளர் டில்ஷானி மெடம் பின்னால் நின்று பார்ப்பார். அவர் பேனையை மூடினால் பாஸ், மூடாமல் எழுதிக்கொண்டே இருந்தால் கதை முடிந்தது.

காய்ச்சல் எனக்குப் பிடிக்கவில்லை. எந்த நாளில் வருகிறது, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று கலண்டரில் குறித்து வையுங்கள். பவுடர்க் கரண்டியைக் குவியலாக எடுக்கிறீர்களா, தட்டையாகவா? கலக்கிய பிறகு இரண்டு நிமிடம் விடுகிறீர்களா? குரல் எப்படி இருக்கிறது? முனகும்போது தொண்டைக்குள் தண்ணீர் நிற்பதுபோல் களகளவென்று கேட்டால் எழுதுங்கள். மறுபடி உடம்பு காய்ந்தால் டொக்டரிடம் காட்டுங்கள்.

மெடத்திடம் அப்பாவைப் பற்றிக் கேட்கலாமென்று இரண்டு தரம் அவருடைய அறை வாசல்வரை போனேன். கேட்கவில்லை. வேறு ஒன்றுமில்லை, அவருக்கு வேலை அதிகம்.

பாட்டுக்கு வாயசைக்கிறார் என்றால் நல்ல அடையாளம். பாட்டு மூளையின் மற்றப் பக்கத்தால் வருவது. பேச முடியாத பலருக்குப் பாட வரும். நீங்களும் கூடப் பாடுங்கள். உங்கள் குரலைக் கேட்டாவது எழும்பி ஓடுவார்.

டெனிஷா


கொட்டாஞ்சேனை
மே 29, வியாழன்

அன்புள்ள டெனிஷா,

பார், எழுதிவிட்டேன்.

நீ கேட்ட கலண்டர்க் கணக்கு இது. மே 7, மே 14, மே 21, மே 28. எல்லாம் புதன். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தொடங்கி, இப்போதெல்லாம் வெள்ளி காலையில்தான் விடுகிறது. நேற்று வந்தது இன்னும் விடவில்லை. சந்தியிலுள்ள டிஸ்பென்சரி டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, வலது பக்கம் கொஞ்சம் சளி என்று மருந்து தந்தார். எனக்குக் காரணம் தெரியும். செவ்வாய்க்கிழமை அந்தக் கூட்டத்துக்குள் நின்று இருமல், தடிமன் எல்லாவற்றையும் நான்தான் கொண்டுவருகிறேன். இப்போது வந்தவுடன் குளித்துவிட்டுத்தான் அப்பாவைத் தொடுகிறேன்.

கரண்டியைத் தட்டையாகத்தான் எடுக்கிறேன். இரண்டு நிமிடம் இல்லை, மூன்று நிமிடம் விடுகிறேன். தண்ணீர் என்று கேட்டுத் தட்டினாலும் பவுடர் போடாமல் ஒரு சொட்டுக் கொடுப்பதில்லை. ரஜனி மாமி நேற்று இளநீர் கொண்டுவந்தார். "டெனிஷாட்ட கேக்காம குடுக்கேலாது மாமி" என்று திருப்பி அனுப்பினேன். நானா இப்படிச் சொல்கிறேன் என்று எனக்கே ஆச்சரியம். மாமி வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு போனார்.

களகளச் சத்தம் இருக்கிறதுதான். கேத்தலில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும்போது கேட்குமே, அந்த மாதிரி. ஆனால் இருமல் இல்லை. சளி இருந்தால் இருமவேண்டும்தானே? சாரம் இடுப்பில் நிற்கிறதில்லை, பின் குத்தி விடுகிறேன். நித்திரை அதிகம். ஆனால் ஞாயிறன்று பாட்டில் சத்தம் வந்தது டெனிஷா! சொல் இல்லை, ராகம். நான் பாட, அவர் பின்னால் இழுத்தார். கேட்கிற வரம் கிட்ட வந்தால் சோதனையும் கிட்ட வரும். காய்ச்சலை நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னும் இரண்டு செவ்வாய் மட்டும். ஒன்பதாவது செவ்வாய் உன் பரீட்சை நாள். உனக்கும் சேர்த்து ஒரு திரி கொளுத்துகிறேன். அன்றைக்குப் பெரிதாகச் செய்யப்போகிறேன். என்னவென்று இப்போது சொல்லமாட்டேன்.

அக்கா


வெள்ளவத்தை
ஜூன் 7, சனி

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தை நின்ற இடத்திலேயே வாசியுங்கள். அடுப்பில் ஏதும் இருந்தால் அணைத்துவிட்டு வாசியுங்கள்.

நேற்று எங்களை எக்ஸ்ரே அறைக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு வெள்ளை மருந்தைத் தண்ணீரில் கலந்து நோயாளிக்குக் கொடுத்து, அது தொண்டைக்குள் எந்த வழியால் போகிறது என்று திரையில் பார்ப்பது. வந்தவருக்கு அப்பாவின் வயதுதான். ஒரு கரண்டி குடித்தார். திரையில் எல்லோருக்கும் தெரிந்தது, மருந்து நேரே மூச்சுக்குழாய்க்குள் இறங்கியது. நான் இருமலுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அவர் இருமவில்லை. நல்லாயிருக்கிறது என்பதுபோல் எங்களைப் பார்த்துச் சிரித்தார். இன்னொரு கரண்டி கொடுத்தார்கள். அதுவும் அங்கேதான் போனது. அதற்கும் இருமவில்லை.

"ஏன் இருமேல்ல?" என்று மெடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியும். இரண்டாம் வருடத்தில் பரீட்சைக்கு எழுதி மாக்ஸ் வாங்கின பதில். வாதம் வந்த சிலருக்குத் தொண்டையே மரத்துப்போகும். உள்ளே என்ன போனாலும் அதற்குத் தெரியாது. அவர்களுக்கு இருமல் வராது. சத்தமில்லாமல் உள்ளே போய், அடுத்த நாள் காய்ச்சலாக வெளியே வரும்.

அக்கா, இருமாவிட்டால் பயமில்லை என்று உங்களுக்கு எழுதியது நான். அதை அழித்துவிடுங்கள். அது பொய். தெரிந்து சொன்ன பொய் இல்லை, ஆனால் பொய்.

இன்னொன்றும் இருக்கிறது. அப்பாவைச் சோதிக்க எனக்கு உரிமை இல்லை. படிக்கிற பிள்ளை, மெடம் பக்கத்தில் இல்லாமல் ஒருவருக்கு ஒரு கரண்டி தயிர்கூடக் கொடுத்துப் பார்க்கக்கூடாது. கிளினிக்குப் போகவேண்டாம் என்று உங்களுக்குச் சொன்னதும் அந்தத் திமிரில்தான். தெரிந்தால் என்னைப் பரீட்சைக்கு விடமாட்டார்கள் என்று பயந்து இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். குருத்தோலை ஞாயிறன்று உங்களைப் பார்த்துக் கொலைகாரி என்கிற மாதிரிச் சொன்னேனே, உண்மையில் யார் என்று இப்போது தெரிகிறது.

நேற்று எல்லாவற்றையும் மெடத்திடம் சொல்லிவிட்டேன். உங்கள் கடிதங்களையும் வாசித்துக் காட்டினேன். அவர் ஏசவில்லை, பரீட்சையையும் மறிக்கவில்லை. புதன், புதன், புதன் என்று விரல்விட்டு எண்ணிவிட்டு, "செவ்வாய்க்கிழமை அந்த வீட்ல என்ன நடக்குது?" என்று கேட்டார். கோயிலுக்குப் போவார் என்றேன். "அது அக்கா. அப்பாவுக்கு என்ன குடுக்குறாங்க?" என்றார். பதில் உங்களுக்குத்தான் தெரியும். யோசியுங்கள் அக்கா. அன்றைக்கு விசேஷமாக ஏதாவது, எவ்வளவு சின்னதாக இருந்தாலும்.

செவ்வாய் பிரக்டிகல் முடிந்தவுடன் மெடமும் என்னோடு வீட்டுக்கு வருகிறார். ஐந்தரை, ஆறு மணியாகும். அதற்கு முன்னால் அவருக்கு நேரமில்லை. அன்றைக்கு நாங்கள் வரும்வரை அப்பாவின் வாயில் ஒன்றும் வைக்கவேண்டாம், கெட்டியானதுகூட வேண்டாம். இடையில் காய்ச்சல் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ எனக்காகக் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு.

இன்றைக்கே வருவோமா என்று உடுப்பு மாற்றினேன். பஸ் தரிப்புவரை போய் நின்றேன். நான் வந்தால் நீங்கள் வாய் திறக்கமாட்டீர்கள், நான் என்ன கேட்டாலும் தலையைத் திருப்பிக்கொள்வீர்கள், அப்பா அழுவார், அழுதால் மூச்சு முட்டும். காய்ச்சலும் செவ்வாய்க்குப் பிறகுதானே வருகிறது, செவ்வாய்க்கு முன் இந்தக் கடிதம் போய்விடும் என்று திரும்பி வந்தேன். உண்மையைச் சொன்னால், அப்பாவின் முகத்தைப் பார்க்கவும் பயமாக இருந்தது. மூன்று தரம் போன் எடுத்தேன். உங்கள் போன் என்னை எடுக்கவில்லை. ரஜனி மாமியிடம் போனும் இல்லை.

விரைவுத் தபாலில் போடுகிறேன். திங்கள் கிடைத்துவிடும் என்று தபால் கந்தோரில் சொன்னார்கள்.

டெனிஷா


கொட்டாஞ்சேனை
ஜூன் 10, செவ்வாய், பின்னேரம் மூன்று மணி

என் தங்கச்சி டெனிஷா,

அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் குறை சொல்லாதே. அப்பா கதைத்துவிட்டார்!

முதலில் உனக்குத்தான் போன் எடுத்தேன். அடைத்த நம்பரைத் திறக்க எவ்வளவு நேரம் போனது தெரியுமா? திறந்து எடுத்தால் உன் போன் நிறுத்தியிருக்கிறது. பரீட்சை என்று பிறகுதான் ஞாபகம் வந்தது. பொறுத்திருக்க முடியாமல் எழுதுகிறேன். பரீட்சை முடிந்ததும் மறுபடி போன் எடுத்து உன்னை வரச்சொல்வேன், நீ வரும்போது இதைக் கையிலேயே தருவேன். என் வாயாலேயே வாசித்துக் காட்டுவேன், இனி யார் தடுப்பது?

நடந்ததைச் சொல்கிறேன். உன் கடிதம் காலையில்தான் வந்தது. பூசைக்கு நேரம் போய்விட்டது, பிரிக்க நேரமில்லை. நாலைந்து தாள் இருக்கும்போலிருக்கிறது, அவ்வளவு மொத்தம். வீட்டிலுள்ள அந்தோனியாரின் காலடியில் வைத்துவிட்டு ஓடினேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. இரவு இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து வாசிப்போம், நீ என்னென்ன ஏசியிருக்கிறாய் என்று.

ஒன்றை உன்னிடம் சொல்லவில்லை. மூன்றாவது செவ்வாயிலிருந்து ஒவ்வொரு செவ்வாயும் கோயிலால் வந்து தீர்த்தத்தில் ஒரு மூடி அப்பாவுக்குக் குடிக்கக் கொடுத்தேன். அதில் உன் பவுடரைப் போடவில்லை. போட மனம் வரவில்லை டெனிஷா. மந்திரித்த தீர்த்தத்தில் கடைப் பவுடரைக் கலக்கிக் கூழாக்குவதா? அது தண்ணீர்க் கணக்கில் வராது என்று எனக்குப் பட்டது. முதல் தரம் பயத்தோடுதான் கொடுத்தேன். நீ எழுதினாயே, இருமல்தான் மணி என்று. மூடியை வாயில் வைத்துவிட்டு அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருமவில்லை. அதன்பிறகு எனக்குப் பயம் போய்விட்டது.

இன்று ஒன்பதாவது. நேர்த்தி நிறைவு. மூடியால் இல்லை, ஒரு முழு டம்ளர் கொடுப்பதென்று முதலே நினைத்து வைத்திருந்தேன். காலையிலிருந்தே உடம்பு இலேசாகச் சுட்டது, அதனால்தான் கட்டாயம் கொடுக்கவேண்டும் என்று தோன்றியது. நிமிர்த்தி உட்காரவைத்து, நாடியைக் குனியவைத்து, எல்லாம் நீ காட்டித் தந்தபடி. மெல்ல மெல்ல ஊற்றினேன். பாதி டம்ளரில் தலையை ஒரு பக்கம் திருப்பினார். "கொஞ்சம்தான் அப்பா இருக்குது, குடிச்சிருங்க" என்றேன். என் மணிக்கட்டை இடது கையால் பிடித்தார். என்னவோ ஒரு பலம் அந்தக் கையில். பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, தெளிவாக, பழைய குரலில் இல்லாவிட்டாலும் தெளிவாக, "போதும்" என்றார்.

போதும்! நாலு மாதத்துக்குப் பிறகு அப்பாவின் வாயிலிருந்து ஒரு சொல். நான் அழுதேன், சிரித்தேன், ரஜனி மாமியைக் கூப்பிட்டேன், அவரும் வந்து அழுதார். கைவிடாத அந்தோனியாருக்கு நன்றி சொல்லி மிச்சத்தையும் கொடுத்து முடித்தேன். நேர்ச்சைத் தீர்த்தத்தை மீதி வைக்கக்கூடாது.

அதற்குப் பிறகு சொல் ஒன்றும் வரவில்லை. களைத்துவிட்டார், பாவம். படுக்கவைத்தேன். மூச்சு கொஞ்சம் வேகம்தான், கேத்தல் சத்தமும் கொஞ்சம் கூடத்தான், உதடு ஒரு மாதிரி நிறம் மாறிக் கிடக்கிறது. கதைத்த களை என்று மாமி சொல்கிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. நீ வந்து ஒருக்கால் பார். உன் படிப்பை இனிப் பகிடி பண்ணமாட்டேன். அப்பாவைக் கதைக்கவைத்ததில் பாதி அந்தோனியார், பாதி உன் படக் கார்டு என்று பாதரிடமே சொல்லப்போகிறேன்.

பரீட்சை நன்றாகச் செய்திருப்பாய். உனக்குக் கொளுத்திய திரி கடைசிவரை அணையாமல் எரிந்தது. பின்னேரம் கட்டாயம் வா. வாசலில் நிற்கவேண்டாம், கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். நான்தான் முதலில் கதைப்பேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

அப்பா அசையாமல் படுத்திருக்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். முழு டம்ளருக்கும் ஒரு தரம்கூட இருமவில்லை.

அக்கா